செருப்பு விடும் இடம்

அன்புக்கரசி உள்ளே வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. காலைத்தான் பார்ப்பாள். முகத்தில் என்ன இருக்கப்போகிறது? எல்லாம் ஒரே மூஞ்சி, வெயிலில் கறுத்து, வாயைத் திறந்துகொண்டு, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. கால் பொய் சொல்லாது என்பது அவள் கட்சி. குதிகால் வெடிப்பில் சேறு இருந்தால் பக்கத்து ஊர் ஆள், பேசாமல் பார்த்துவிட்டுப் போய்விடுவான். நகத்தில் நீலச்சாயம் பூசியிருந்தால் சென்னை. வாசலிலேயே "இவ்ளோதானா?" என்று கேட்கும்.

இவ்வளவுதான். செஞ்சியில், திருவண்ணாமலை ரோட்டில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஒரு நெல் மண்டிக்காரர் தன் அப்பா பெயரில் டிரஸ்ட் வைத்து, பழைய குடோனுக்கு வெள்ளையடித்துத் தொடங்கிய காட்சிக்கூடம் அது. ஒரே ஒரு ஹால். ஓரமாகப் பீரங்கிக் குண்டுகள், கண்ணாடிப் பெட்டிக்குள் துருப்பிடித்த வாள், செப்புக்காசு, உடைந்த பீங்கான். சுவரெல்லாம் கோட்டைப் படங்கள். நடுவில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு நடுகல். கையில் வில்லோடு ஒருத்தன் நிற்கிறான். தளவானூர் போகிற வழியில் ஏதோ ஏரியைத் தூர்வாரும்போது கிடைத்தது. யார், எந்தச் சண்டையில் செத்தான் என்று ஒருவருக்கும் தெரியாது.

கோட்டை மலை ஏறி இறங்கி, தொடை நடுங்க வருகிறவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது பாத்ரூம். அது இல்லையென்றதும் முகம் சுண்டிப்போகும். பிறகு, டிக்கெட் எடுத்துவிட்ட பாவத்துக்கு உள்ளே வருவார்கள்.

"தேசிங்கு ராஜா குதிர எங்கம்மா?"

"செத்துப்போச்சு."

"அதில்ல, குதிரையோட எலும்பு, சேணம், ஏதாச்சும்..."

"அதுவும் செத்துப்போச்சு."

பீரங்கிக் குண்டின் மேல் குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுப்பவன், கண்ணாடிப் பெட்டியில் சாய்ந்துகொண்டு தலை வாருபவள், வாளைக் காட்டி "எவ்ளோ போகும்?" என்று கேட்பவன், படங்களுக்குப் பின்னால் இருட்டு இருக்குமா என்று தேடுகிற ஜோடி. எல்லோரையும் அன்புக்கரசி ஒரே கண்ணால்தான் பார்த்தாள். அடுப்பில் பொங்கி வழிந்த பாலைப் பார்க்கிற கண்.

டிக்கெட் ஜன்னலில் சர்தார் பாய். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முன்பு லாரி செட்டில் கணக்கு எழுதியவர். "ஏம்மா இப்டி கடிச்சி வெக்கிற? உன் பேர எவன் வெச்சான்?" என்பார்.

"எங்க நைனா வெச்சாரு. அவரு இந்த வேலைக்கு வந்து பாத்திருந்தா மாத்தி வெச்சிருப்பாரு."

அந்த ஹாலில் அவளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, தரை. சிவப்பு சிமெண்டுத் தரை. வேலைக்குச் சேர்ந்தபோது எலிப்புழுக்கையும் நெல் உமியுமாகக் கிடந்ததைத் தேய்த்துத் தேய்த்து, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, மேலே சுழல்கிற ஃபேன் கீழே தெரிகிற மாதிரி ஆக்கியிருந்தாள். துடைக்கத் தனியாக ஆள் கிடையாது. துடைப்பதும் அவள்தான், பூட்டுவதும் அவள்தான், "தொடாதீங்க" என்று கத்துவதும் அவள்தான். அதனால் செருப்பை வெளியே விட்டுவிட்டு வரவேண்டும் என்று அவளாகவே ஒரு சட்டம் போட்டாள். சர்தார் பாயை விட்டு ஒரு தகரத்தில் 'காலணிகளை இங்கே விடவும்' என்று எழுதச் சொல்லி வாசலில் மாட்டினாள். பக்கத்தில் ஒரு மர ஸ்டாண்டு. அதற்கு எதிரே அவள் ஸ்டூல்.

அன்புக்கரசியின் நைனா, ஊர்த்தெரு வழியாகப் போகிற காலத்தில் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனவர். இவள் சின்னப் பெண்ணாகப் பின்னாலேயே போயிருக்கிறாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தரைக்காகத்தான் என்பாள். ஆனால் மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஆள் ஒற்றைக்காலில் நின்று ஷூ லேஸோடு மல்லுக்கட்டும்போது, ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

டிரஸ்டின் செயலாளர் பிரசாந்த் வந்தாலும் அதே கதைதான். மண்டிக்காரரின் பேரன். சென்னையில் படித்துவிட்டு வந்தவன். முதல்முறை அவன் ஷூவைக் கழற்றியபோது சாக்ஸ் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் உள்ளே வருவதே குறைந்துபோனது. வாசலிலேயே நின்று, "எல்லாம் ஓகேவா அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவான்.

*

ஆடி வெள்ளிக்கிழமை ஒன்றில்தான் ஆரம்பித்தது. மஞ்சள் பூசிய கால், கனமான வெள்ளி மெட்டி. அந்த அம்மாள் போன பிறகு பார்த்தால், நடுகல்லின் நெற்றியில் குங்குமம். அன்புக்கரசி வெளியே ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"நீதான வெச்சது?"

"சாமிக்குத்தாம்மா வெச்சேன்."

"அது சாமி இல்ல. பொருள்."

"செருப்பெல்லாம் கழட்டிட்டுதான வந்தேன்?" என்றாள் அந்த அம்மாள், தான் தப்பேதும் செய்யவில்லை என்று காட்டுகிற மாதிரி. அன்புக்கரசிக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. அறிவில்லாத ஜென்மம் என்று முனகிவிட்டு ஈரத்துணியால் துடைத்துப் போட்டாள்.

அந்த அம்மாள் வீட்டுக்காரர் வீரமணி. செங்கல் சூளை வைத்திருப்பவர். பக்கத்து ஊரில் அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். வருஷக்கணக்காகத் தட்டிப்போன மகனின் கல்யாணம் அந்த வாரமே முடிவாகிவிட்டதாம். அடுத்த வெள்ளிக்கிழமை அவரே வந்தார். வெள்ளைத்தோல் செருப்பு, நடந்தால் கீச்சென்று கத்துகிற ரகம். பின்னால் தேங்காய், கற்பூரம், எலுமிச்சை மாலையோடு சொந்தக்காரக் கூட்டம். கல்லின் முன்னால் நின்று உற்றுப் பார்த்தார்.

"எங்க முப்பாட்டன்தான். மீசையப் பாரு," என்றார்.

கல்லில் மீசையே இல்லை. மூக்குக்குக் கீழே எல்லாம் தேய்ந்து மழுங்கிக் கிடந்தது. ஆனாலும் கூட வந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள்.

கற்பூரப் புகை ஹால் முழுக்கச் சூழ்ந்தது. எண்ணெய் கல்லிலிருந்து வழிந்து தரையில் இறங்கியது. அன்புக்கரசி சர்தார் பாயிடம் போய், "நீங்க வந்து சொல்லுங்க பாய், ஆம்பள சொன்னா கேப்பானுங்க," என்றாள்.

"நானா? நான் வாயத் தொறந்தா அது வேற கதையாப் போயிடும். எங்க ஆளுங்க மட்டும் இன்னா ஒழுங்கு? நாலு கல்லு சேந்தாப்ல இருந்தா பச்சத் துணி போத்திடுவானுங்க. நீ பிரசாந்த் தம்பிக்கு போன் போடு."

பிரசாந்த் வந்தான். வாசலிலேயே நின்றான். வீரமணி வெளியே வந்து அவன் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். திரும்பி வந்தபோது பிரசாந்தின் முகம் மலர்ந்திருந்தது. பாத்ரூம் கட்ட எவ்வளவு செங்கல் வேண்டுமோ அவ்வளவையும் சூளையிலிருந்து சும்மா இறக்கித் தருகிறாராம். வருகிறவன் போகிறவனெல்லாம் பாத்ரூம் எங்கே என்று கேட்டுத் திட்டுகிற இடத்தில் அது சின்ன விஷயமா?

அடுத்த வெள்ளிக்கிழமை. கூட்டம் இருக்கும்போதே அன்புக்கரசி வாளியும் துணியுமாகப் போனாள். கல்லின் காலடியில் திரி எரிந்து கரி பிடித்திருந்தது. துணியைப் பிழிந்து கையை நீட்டினாள்.

"யம்மா, இரு," என்றார் வீரமணி. "நீ எந்த ஊரு?"

"செஞ்சிதான்."

"செஞ்சில எங்க?"

இந்தக் கேள்வி அவளுக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், வாடகைக்கு வீடு பார்த்த இடத்தில், எல்லா இடத்திலும் இதே ரெண்டு படிதான். முதல் படியில் ஊர், இரண்டாவது படியில் தெரு.

"காலனி," என்றாள்.

"சரி, அந்தத் துணிய வெச்சிடு. சாமிய நீ தொட வேணாம். நாங்களே பாத்துக்கறோம்." கத்தவில்லை, முறைக்கவில்லை. பந்தியில் இலை எடுக்கிறவளிடம் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

ஆறு வருஷமாகத் தினமும் அவள் துடைத்த கல். அவன் வில்லின் நாண் எங்கே முடிகிறது, இடுப்புக் கத்தியில் எங்கே விரல் சிக்கும் என்பது அவள் கைக்குத் தெரியும்.

சாயங்காலம் பிரசாந்த் வாசலில் நின்று சொன்னான். "அக்கா, வெள்ளிக்கெழம மட்டும் நீங்க உள்ள போக வேணாம். வாசல்லயே இருங்க. ஆவணி பொறந்தா தெனமும் பூஜைக்கு அவரே ஆள் போடறேன்றாரு. அப்புறம் ஹால் பக்கம் உங்களுக்கு வேலையே இருக்காது."

"அப்ப நான் இன்னா பண்றது?"

"புது பாத்ரூம் வருதில்ல, அத நீங்க பாத்துக்கலாம். கஷ்டமில்லாத வேல."

அவள் அவன் காலைப் பார்த்தாள். ஷூ பளபளவென்று இருந்தது.

*

வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. புருஷன் இளையபெருமாள், கொத்தனார், தட்டை முன்னால் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டான்.

"பாத்ரூமா? நாளைக்கே வேல வாணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடு."

"நான் எதுக்குடா போவணும்? அந்த எண்ணெ வழியற மூஞ்சிங்க போவட்டும். நேத்து வந்து குங்குமம் வெச்சவன் முப்பாட்டன் பேரன், தெனம் தொடச்ச நான் வெளிய, அவனுங்க மூத்தரத்துக்குக் காவலு."

"அப்ப பிரசாந்த்கிட்ட சண்ட போடு."

"அவன்கிட்ட இன்னாத்த போடறது? ஓட்ட சாக்ஸு."

"நீ இப்டி எல்லாரையும் எளக்காரமாப் பேசிக்கினு இருந்தா யாருடி உனக்கு வந்து பேசுவாங்க?" என்றான் இளையபெருமாள். அதில் நியாயம் இருந்தது. அதற்காகவே அவனுக்குக் கருவாட்டின் வால்பக்கத் துண்டாகப் பார்த்துப் போட்டாள்.

அப்போது மகள் தமிழினி வந்தாள். திண்டிவனத்தில் ஒரு லேபில் வேலை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அலுப்பில் செருப்போடு அடுப்படி வரைக்கும் நடந்துவிட்டாள்.

"செருப்ப வெளிய வுடுடி! இது இன்னா மார்க்கெட்டா?"

"இல்ல, கோயிலு," என்றாள் தமிழினி. "உள்ள வரும்போதே கும்புட்டுக்கினு வரட்டா?" செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனாள்.

அன்புக்கரசி கரண்டியைக் குழம்பிலேயே விட்டாள். மஞ்சள் பூசிய கால் அவள் ஞாபகத்துக்கு வந்தது. செருப்பெல்லாம் கழட்டிட்டுதான வந்தேன்? வழவழவென்று தரை, வெறுங்கால், எதிரே ஒரு கல். இந்த ஊர் ஜனத்துக்கு வேறென்ன வேண்டும்? செருப்பைக் கழற்றிய கால் நாலடி நடந்தால் கை தானாகக் கூம்பிவிடும். கழற்றச் சொன்னது யார்? அவள்தான். சாமியைக் கொண்டுவந்து வைத்ததே அவள்தான்.

"இன்னாடி, அப்டியே நிக்கிற?" என்றான் இளையபெருமாள்.

"ஒண்ணுமில்ல. சாப்டு," என்று சொல்லி நடுத்துண்டு ஒன்றை எடுத்து அவன் தட்டில் போட்டாள்.

*

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் சர்தார் பாய் வந்தபோது வாசலில் தகரப் பலகை இல்லை. செருப்பு ஸ்டாண்டை அவள் குடோனுக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டிருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் காலில் செருப்பு இருந்தது.

"இன்னாம்மா இது?"

"இன்னிலேர்ந்து யாரும் செருப்பு கழட்டக் கூடாது பாய். போட்டுக்கினுதான் உள்ள போவணும்."

"பிரசாந்த் தம்பிய கேட்டியா?"

"யார கேட்டு மொதல்ல கழட்டச் சொன்னேன்?"

பாய் உள்ளே எட்டிப் பார்த்தார். காலை வெளிச்சத்தில் தரை செம்பருத்திப் பூ மாதிரி இருந்தது. "தர போயிடுமே," என்றார்.

"போவட்டும்."

அதைச் சொல்லும்போது அவள் தரைப் பக்கம் திரும்பவில்லை.

முந்தின ராத்திரி நல்ல மழை. மலைப்பாதையெல்லாம் சேறு. பத்து மணிக்குமேல் ஒரு வேன் வந்து நின்றது. சென்னைக் கூட்டம். ஒரே மாதிரி மஞ்சள் பனியன், முட்டிவரைக்கும் சேறு, அடியில் பல்லுப்பல்லாக இருக்கிற மலையேற்ற ஷூ. தலைவன் மாதிரி இருந்த ஒருத்தன், தொப்பை, முழங்காலில் பட்டை கட்டியிருந்தான், வரும்போதே கேமரா டிக்கெட்டுக்காகப் பாயிடம் சண்டைக்கு நின்றான். செல்போனும் கேமராதானா என்று கேட்டான், செல்போனுக்கு எதற்கு டிக்கெட் என்று கேட்டான், மேலே யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டான். கேள்விக்குப் பொறந்தவன் என்று அன்புக்கரசி நினைத்துக்கொண்டாள். வேறு நாளாக இருந்தால் அவனை வெயிலிலேயே நிற்கவைத்திருப்பாள்.

"வாங்க சார். அப்டியே வாங்க, ஷூவோட," என்றாள். சர்தார் பாய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார். அவள் ஒருவரை 'வாங்க' என்று சொல்லி அவர் கேட்டதில்லை.

கூட்டம் உள்ளே போனது. சிவப்புத் தரையில் சேற்றுக் கால்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. அன்புக்கரசி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்பார்த்தபடியே எல்லோரும் நடுகல்லைச் சுற்றி நின்றுகொண்டு, வில் பிடிக்கிற மாதிரி கையை வைத்துப் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். தொப்பைக்காரன் கல்லின் பீடத்திலேயே ஒரு காலைத் தூக்கி வைத்து, அவிழ்ந்த லேஸைக் கட்டினான்.

அந்த நேரத்துக்குத்தான் கீச்சுக் கீச்சென்று வீரமணி வந்து சேர்ந்தார். வழக்கம்போலச் செருப்பைக் கழற்றப் போனவர் ஸ்டாண்டைத் தேடினார். பிறகு உள்ளே பார்த்தார்.

"யம்மா! இன்னா இது? சாமி மேல ஷூவ வெச்சினு இருக்கான்!"

"மியூசியம் சார். பாக்க வந்தவங்க," என்றாள் அன்புக்கரசி, எழுந்திருக்காமல்.

"கழட்டச் சொல்லு!"

"நான் வெள்ளிக்கெழம உள்ள போவக் கூடாதுன்னு இருக்குது சார். நீங்களே சொல்லிக்கோங்க."

வீரமணி செருப்பை உதறிவிட்டு வெறுங்காலோடு உள்ளே பாய்ந்தார். தொப்பைக்காரன் காலை எடுத்தான், ஆனால் ஷூவைக் கழற்றவில்லை.

"எதுக்குங்க கழட்டணும்? அந்தம்மாதான் ஷூவோட போங்கன்னாங்க."

"இது எங்க குலசாமிய்யா!"

"குலசாமின்னா கோயில்ல வைங்க. நாங்க டிக்கெட் வாங்கியிருக்கோம். கேமராவுக்குத் தனியா வாங்கியிருக்கோம். கோயில்ல கேமராவுக்கு உடுவீங்களா? எங்க எழுதியிருக்கு கோயில்னு? காட்டுங்க. யார் இங்க இன்சார்ஜ்? நீங்களா? உங்க பேர் என்ன? எங்க ஐடி?"

கேள்விகள் நிற்கவில்லை. அவன் செல்போனைத் தூக்கி வீரமணியைப் படம் எடுக்கவும் தொடங்கிவிட்டான். மஞ்சள் பனியன்கள் எல்லாம் செல்போனைத் தூக்கின. தேங்காய்த் தட்டோடு வந்த சொந்தக்காரர்கள் வாசலைத் தாண்டவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற அவர் மனைவி, அந்த மஞ்சள் பூசிய கால், ஒருமுறை தரையைப் பார்த்தாள். கல்லைச் சுற்றிலும் சேற்று அச்சு.

"வாங்க போலாம்," என்றாள் புருஷனிடம். "இத்தன செருப்புக் கால் பட்ட எடத்துல நம்ம சாமி இருக்காது. நம்ம சாமியா இருந்தா இந்நேரம் அவன் கால வாங்கியிருக்கும்."

தொப்பைக்காரன் தன் காலை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான்.

வீரமணி போகும்போது அன்புக்கரசியின் முன்னால் நின்றார். "செங்கல் ஒண்ணுகூட வராது. பிரசாந்த்கிட்ட சொல்லிக்கறேன்."

"சொல்லுங்க சார். பாத்து, சேறு, வழுக்கும்."

தேங்காயைத் திருவண்ணாமலை ரோட்டு முக்கில் உடைத்துவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் பிரசாந்த் போன் போட்டான். "அக்கா, யாரக் கேட்டு ரூல மாத்தினீங்க? அவரு கன்னாபின்னான்னு கத்தறாரு."

"மியூசியத்துல செருப்பு கழட்டுவாங்களா தம்பி? உங்க சென்னையில கழட்டுவாங்களா? இன்னிக்கு வந்தவங்க வீடியோ வேற எடுத்துட்டாங்க. 'இது மியூசியமா கோயிலா, யாரு இன்சார்ஜ்'னு கேட்டு. உங்க பேரத்தான் சொல்லணும்னு இருந்தேன்."

"வீடியோவா?" என்றான் பிரசாந்த்.

"இனிமே நீங்களும் ஷூவோடவே உள்ள வரலாம்," என்றாள்.

"அப்டியா?" என்றான் பிரசாந்த். குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "அது... நானே சொல்லணும்னுதான் இருந்தேன். அப்டியே இருக்கட்டும்."

*

சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு கல்லிடம் போனாள். குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு, கரி எல்லாவற்றையும் வில்லின் நாண் வரைக்கும் துடைத்து எடுத்தாள். துடைத்து முடித்ததும் வில்காரன் பழையபடி யாருமில்லாதவனாக நின்றான். பிறகு தரையில் மண்டியிட்டாள். சேறு காய்ந்து பிடித்திருந்தது. பல்லுப்பல்லான ஷூ, தரையில் வெள்ளையாகக் கீறல் போட்டிருந்தது. தேங்காயெண்ணெய் வைத்துத் தேய்த்தாலும் அது போகவில்லை. போகாது என்று தேய்ப்பதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரியும். மஞ்சள் பனியனின் பரம்பரையையே திட்டிக்கொண்டு தேய்த்தாள்.

சனிக்கிழமை காலை செருப்போடு நின்றுகொண்டு கல்லின் பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு கிழவர் உள்ளே வந்தார். தோளில் துண்டு, வேஷ்டி, செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அவள் காலைப் பார்த்தார்.

"சாமி முன்னாடி செருப்போட நிக்கிறியேம்மா."

அன்புக்கரசி துணியை உதறினாள்.

"அத கையிலேர்ந்து எறக்கிக் கால்ல போடு," என்றாள். "டிக்கெட் எடுத்தியா?"